ஐந்துக்கு மூன்று சட்டத்தை அறுக்குமா? சர்குலர் சா வாங்கப் போகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாசல் நிலைக்கு வந்திருந்த வேங்கைச் சட்டம் ஐந்தங்குல அகலம், மூன்றங்குல கனம். புதிதாக வாங்கிய ஏழேகால் அங்குல சர்குலர் சாவை, அதாவது கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்ப மெஷினை, முழு ஆழத்துக்கு இறக்கி, கோட்டின்மேல் ஓட்டினேன். ரம்பம் மறுமுனைக்கு வந்துவிட்டது, துண்டு மட்டும் கீழே விழவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் ஒரு சென்டிமீட்டர் மரம் அறுபடாமல் அப்படியே இருந்தது. சட்டத்தைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்திலிருந்து அறுத்தேன். இரண்டு வெட்டும் ஒன்றுசேராமல் நடுவில் ஒரு நூல் அளவுக்குப் படி விழுந்தது. நான்கு சட்டத்துக்கும் உளி பிடித்து அந்தப் படியைச் செதுக்கியதில் அரை நாள் போயிற்று.

மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. என் மரத்தை அளக்காமல் மெஷினை வாங்கியது என் தவறு. ஏழேகால் அங்குலம், அதாவது 184 அல்லது 185 மி.மீ பிளேடு என்பது அமெரிக்க வீட்டு வேலையோடு சேர்ந்து வளர்ந்த அளவு. அங்கே சுவரும் கூரையும் மரச்சட்டத்தால் எழும்புகின்றன. ‘இரண்டுக்கு நான்கு’ என்று அவர்கள் விற்கும் சட்டம் இழைத்து வந்தபின் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான், அதாவது 38-க்கு 89 மி.மீ. அந்த 38 மி.மீ கனத்தை நேராகவும் 45 டிகிரி சாய்வாகவும் ஒரே ஓட்டத்தில் அறுக்க ஏழேகால் அங்குலம் தாராளம். நம்முடைய நிலைச்சட்டமும் கைமரமும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

முதல் படி: மரத்தை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன், கடந்த ஆறு மாதத்தில் அறுத்த மரங்களின் கனத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ஓட்டுக்கூரை வேலை செய்பவராக இருந்தால் நாலுக்கு இரண்டு கைமரம், மூன்றுக்கு இரண்டு கைமரம், இரண்டுக்கு ஒன்று ரீப்பர் என்று இருக்கும். நிலை செய்பவருக்கு ஐந்துக்கு மூன்று, நாலுக்கு மூன்று. உள் அலங்காரம் செய்பவருக்குப் பெரும்பாலும் 18, 19 மி.மீ பிளைவுட். சென்டரிங் வேலைக்கு ஒன்றரை அங்குலப் பலகை.

இப்போது மெஷினின் எண்களைப் பக்கத்தில் வையுங்கள். 185 முதல் 190 மி.மீ பிளேடு உள்ள மெஷின்கள் நேராக வெட்டும்போது 65 முதல் 70 மி.மீ ஆழம் இறங்கும். 45 டிகிரி சாய்த்தால் 45 முதல் 50 மி.மீ. மூன்றங்குலம் என்பது 76 மி.மீ. ஆகவே நிலைச்சட்டம் ஒரே வெட்டில் அறுபடாது. இரண்டங்குலம் என்பது கிட்டத்தட்ட 51 மி.மீ. ஆகவே சாய்த்து வெட்டும்போது கைமரமும் மயிரிழையில் முழுதாக அறுபடாமல் நின்றுவிடும். நான்கு பக்கம் சரியும் கூரையில் மூலைக் கைமரத்தோடு வந்து சேரும் குட்டைக் கைமரங்களுக்கு இந்தச் சாய்வு வெட்டு வேண்டும். இரு பக்கம் மட்டும் சரியும் கூரையில் மெஷினைச் சாய்க்க வேண்டிய வேலையே அதிகம் வராது. கோட்டைத்தான் சாய்த்துப் போடுகிறோம், பிளேடு நேராகவே நிற்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் சாய்வு ஆழத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நிலைச்சட்டமே பிழைப்பு என்றால் ஒன்பதேகால் அங்குலம், அதாவது 235 மி.மீ பிளேடு மெஷினைப் பாருங்கள். ஆழம் 85 மி.மீ அளவுக்கு வரும். எடை ஏழெட்டுக் கிலோ. மர மேசைமேல் வைத்து ஓட்ட அருமையானது. கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் கைமரத்தைப் பிடித்து, மறுகையால் இதை ஓட்டுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அருகில் நிற்கவும் செய்யாதீர்கள். கூரை வேலைக்கு நான்கு கிலோவை ஒட்டிய ஏழேகால் அங்குலமே நல்லது. மாதத்துக்கு ஒரு நிலை மட்டும் செய்பவர் சின்ன மெஷினையே வாங்கி, மூலைமட்டத்தால் நான்கு முகத்திலும் கோடு போட்டு, இரு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். நான் செய்யத் தவறியது அந்த நான்கு முகக் கோட்டைத்தான்.

நாலங்குல மார்பிள் கட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பாதி ஆசாரிகள் கையில் இருப்பது அதுதான். கல் அறுக்க வந்த மெஷினில் 110 மி.மீ மரப் பிளேடை மாட்டி ஓட்டுகிறோம். விலை குறைவு, கைக்கு அடக்கம், பிளைவுட்டுக்குப் போதுமான ஆழம், அதாவது ஏறத்தாழ 32 முதல் 34 மி.மீ. ஆனால் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் அந்த மெஷினில், வெட்டு முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் கீழ்மூடி கிடையாது. மரத்தை விட்டு வெளியே வந்த பிளேடு அம்மணமாகச் சுழன்றுகொண்டிருக்கும். கைமரம் அறுக்க அது ஏற்றதல்ல. இரண்டங்குல மரத்தில் இரண்டு முறை ஓட்டி, அழுத்தி, சூடாக்கி, கடைசியில் மோட்டாரின் சுழலும் உள்பகுதியான ஆர்மேச்சரைப் புகைய விடுவதே அதன் முடிவு.

இரண்டாம் படி: மோட்டாரும், அதைவிட முக்கியமாக ஒயரும்

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் என்பது மெஷின் மின்சாரத்திலிருந்து இழுக்கும் அளவு. பிளேடுக்குப் போய்ச்சேரும் பலம் அதைவிடக் குறைவு. ஏழேகால் அங்குலத்துக்கு 1200 முதல் 1400 வாட், ஒன்பதேகால் அங்குலத்துக்கு 2000 வாட் அளவில் இருந்தால் தேக்கு, வேங்கை, வேம்பு எதிலும் முக்காமல் ஓடும். ஏழேகால் அங்குலப் பிளேடில் 2200 வாட் என்று அச்சடித்து, எடை மட்டும் மூன்று கிலோவாக இருந்தால் அந்த எண்ணைச் சந்தேகியுங்கள். செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் எடை இல்லாமல் வராது.

மோட்டார் எரிவது எப்படி என்று தெரிந்தவருக்கு அதை எரியாமல் காப்பது எளிது. இந்த மெஷின்களில் குளிர்விக்கும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே இருக்கிறது. மோட்டார் வேகமாகச் சுழன்றால் காற்றும் அதிகம். மழுங்கிய பிளேடை வைத்து அழுத்தித் தள்ளும்போது சுழற்சி குறைகிறது, காற்றும் குறைகிறது, மோட்டார் இழுக்கும் மின்னோட்டமோ ஏறுகிறது. சூடு ஏறுகிற நேரத்தில் குளிர்ச்சி இறங்குகிறது. வார்னிஷ் கருகும் அந்த இனிப்பு கலந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

நான் முகர்ந்தது ஒரு கிராமத்து வேலையில். மின்கம்பத்துக்கு வெகு தூரத்தில் வீடு, வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளிக் கூரைக் கொட்டகை. விளக்குக்குப் போடும் முக்கால் சதுர மி.மீ ஒயரை இழுத்து மெஷினை ஓட்டினோம். கணக்கைப் பாருங்கள். போக ஐம்பது, வர ஐம்பது, ஆக நூறு மீட்டர் செம்பு. அந்தக் கனத்தில் அதன் மின்தடை 2.3 ஓம். 1400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். ஒயரிலேயே 14 வோல்ட் காலி. தொடங்கும் நொடியிலும் மரத்தில் சிக்கும் நொடியிலும் மின்னோட்டம் மூன்று நான்கு மடங்காகும்போது இழப்பும் அதே மடங்காகும். ஊரிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மெஷினுக்கு என்ன மிஞ்சும்? மூன்றாம் நாள் மதியம் புகை வந்தது. காயில் கட்டுபவர் கருகிய ஆர்மேச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மெஷினைக் குறை சொல்லாதே தம்பி, ஒயரைக் கொண்டுவந்து காட்டு” என்றார்.

ஆகவே மெஷின் வாங்கும் பணத்திலேயே ஒயருக்கும் ஒதுக்குங்கள். இருபத்தைந்து மீட்டர் வரை ஒன்றரை சதுர மி.மீ, அதற்குமேல் இரண்டரை சதுர மி.மீ. பிளக் 16 ஆம்பியராக இருக்கட்டும். ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளில் சூடு வெளியேற வழி இருக்காது. போர்டில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் ஈர மரம் அறுக்கும் நாளில் உயிர் காக்கும்.

மெதுவாகத் தொடங்கும் வசதி இருந்தால் நல்லது. பட்டனைத் தட்டியதும் மெஷின் கையில் துள்ளாது, பியூஸும் போகாது. கட்டாயம் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் படி: உடம்பைப் பாருங்கள்

நீடித்து உழைக்கும் மெஷினை முதலில் காட்டிக்கொடுப்பது அடித்தகடு. மரத்தின்மேல் வழுக்கிப் போகும் அந்தத் தகடு மெல்லிய இரும்பை அச்சில் அழுத்தி எடுத்ததாக இருக்கலாம், அலுமினிய வார்ப்பாக இருக்கலாம், விலை உயர்ந்த சிலவற்றில் மக்னீசியமாக இருக்கும். சாரத்திலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் மெல்லிய தகடு வளையும், வளைந்தபின் எந்த வெட்டும் மூலைமட்டத்துக்கு நிற்காது. வார்ப்புத் தகடு வளையாது, ஆனால் பலமாக விழுந்தால் உடையும். எனக்குக் கனமான அழுத்துத் தகடு பிடிக்கும். வளைந்தாலும் பட்டறையில் தட்டி நேராக்கலாம். ஓரத்தில் விளிம்பு மடித்துவிட்டிருக்கிறதா என்று பாருங்கள், அந்த மடிப்பு தகட்டுக்கு முதுகெலும்பு.

அடுத்து கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு. மோட்டாரின் இரு பக்கத்திலும் வட்ட மூடி இருக்கிறதா? ஸ்குரூடிரைவரால் அதைத் திறந்து ஐந்து நிமிடத்தில் பிரஷ் மாற்ற முடிந்தால் அது உழைப்பாளிக்குச் செய்த மெஷின். உடம்பு முழுவதையும் பிரித்தால்தான் பிரஷ் தெரியும் என்றால் அது வீட்டில் எப்போதாவது பயன்படுத்த வந்தது.

அச்சில் குண்டு பேரிங் இருக்க வேண்டும். ஆழம் பூட்டும் நெம்புகோலும் சாய்வு பூட்டும் திருகும் உலோகமாக இருக்கட்டும். பிளேடு மாற்றும்போது அச்சைப் பிடித்து நிறுத்தும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பி மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உறை நீளமாகவும் வளையக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கம்பி முதலில் அறுவது அங்கேதான்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கூரைத் தச்சர்கள் வேறொரு வகையை வைத்திருப்பார்கள். நீண்ட உடம்பு, மோட்டார் பிளேடுக்குப் பின்னால், நடுவில் வோர்ம் கியர் எனும் புழுப்பல் சக்கரம். கையால் பிடித்து ஓட்டும் மின் ரம்பம் பரவியதே அந்த வகையில்தான். 1920-களில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் மிஷெல், கரும்பு வெட்டும் அரிவாளோடு மோட்டாரைச் சேர்த்துப் பார்த்து, அந்த யோசனையைப் பிறகு மரத்துக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பிறந்த கம்பெனியின் பெயரான ஸ்கில் அங்கே ரம்பத்துக்கே பெயராகிவிட்டது. முறுக்குவலு அதிகம், எண்ணெய் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், எடையும் கூட. வெளிநாட்டிலிருந்து யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தால் மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். அங்கே 120 வோல்ட். நம் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு சரி.

கீழ்மூடியைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். ஸ்பிரிங் வைத்த அந்த அரைவட்ட மூடி மரத்தைத் தொட்டதும் பின்னால் ஒதுங்கும், வெட்டு முடிந்ததும் பட்டென்று மூடும். 185 மி.மீ பிளேடு 5500 சுற்றில் ஓடும்போது பல்லின் நுனி மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பட்டனை விட்டபின்னும் சில நொடி சுழலும். அந்த நொடிகளில் மெஷினைத் தொடையருகே தாழ்த்துகிறோம், தரையில் வைக்கிறோம். மூடி இருப்பது அந்த நொடிகளுக்காக. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மெல்லிய துண்டு அறுக்கும்போது மூடி இடிக்கிறது என்று கட்டுக்கம்பியால் அதைத் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மலிவான பிளாஸ்டிக் மூடி, தூள் அடைத்த ஸ்பிரிங். உலோக மூடியும், விரலால் தூக்கக்கூடிய நெம்புகோலும் உள்ள மெஷினை வாங்கினால் கட்டுக்கம்பிக்கு வேலை இல்லை.

இன்னொரு பழக்கம், பிளைவுட்டில் பள்ளம் வெட்டி மெஷினைத் தலைகீழாகப் பொருத்தி மேசை ரம்பமாக்குவது. அப்போது மூடியைக் கட்டியாக வேண்டும், பட்டனையும் அழுத்தியபடி கட்ட வேண்டும். இரண்டு காப்பையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, ரீப்பரை விரலால் தள்ளுகிறோம். ரீப்பர் நெடுக்கே கிழிக்க வேண்டியது தினசரி வேலை என்றால் சின்ன மேசை ரம்பம் தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் மரக்கடை மில்லிலேயே கிழித்து வாங்குங்கள். விரலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

நான்காம் படி: உதிரி எங்கே கிடைக்கும்?

போஷ், மக்கிட்டா, டிவால்ட் ஆகிய மூன்றும் நம் பெரிய நகரங்களில் சர்வீஸ் வைத்திருக்கின்றன. எதை வாங்கினாலும் வாங்குமுன் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்குப் போய், அந்த மாடல் எண்ணைச் சொல்லி, ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், சுவிட்ச், கீழ்மூடி ஆகிய நான்கும் கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். “வரவழைத்துத் தருகிறோம்” என்று பதில் வந்தால் எத்தனை நாள் என்று கேளுங்கள். பத்து நாள் மெஷின் இல்லாமல் நிற்கும் ஆசாரிக்கு அது பத்து நாள் கூலி.

பெயர் தெரியாத மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும், சில நன்றாகவும் ஓடும். சுவிட்ச் போன அன்று அதற்குப் பொருந்தும் சுவிட்ச் எந்தக் கடையிலும் இருக்காது. பிரபலமான கம்பெனியின் பெட்டியிலேயே போலியும் வருகிறது. மெஷின் தகட்டிலும் பெட்டியிலும் பில்லிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னால், வாரண்டியை ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று பொருள்.

ஐந்தாம் படி: கடையில் பத்து நிமிடம்

கையில் ஒரு மூலைமட்டம், ஒரு டேப், ஒரு பென்சில் கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிளக் போடாமல் தொடங்குங்கள். பிளேடின் விளிம்பைப் பிடித்து அச்சை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. சாய்வைப் பூஜ்யத்தில் பூட்டி, அடித்தகட்டுக்கும் பிளேடுக்கும் மூலைமட்டம் வையுங்கள். பல்லின்மேல் வைக்காதீர்கள், பிளேடின் முகத்தில் வையுங்கள். மட்டம் விலகியிருந்தால் சரிசெய்யும் திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு பல்லில் பென்சிலால் குறியிட்டு, அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது தகட்டின் ஓரத்திலிருந்து தூரத்தை அளங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுபோய் மீண்டும் அளங்கள். அரை மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு மெஷின் கேளுங்கள். பிளேடும் தகடும் இணையாக இல்லாத மெஷின் நேர்கோட்டில் போக மறுக்கும், நீங்கள் பலமாகப் பிடித்துத் திருப்புவீர்கள், பிளேடு மரத்தில் உரசிக் கருகும், மோட்டார் சூடாகும். எத்தனை நல்ல மோட்டாராக இருந்தாலும் இதைத் தாங்காது.

கீழ்மூடியை முழுதாகத் தூக்கி விடுங்கள். தயங்காமல் மூட வேண்டும். மெஷினைச் சாய்த்துப் பிடித்தும் அதையே செய்து பாருங்கள்.

இப்போது பிளக். ஓட விட்டு, காற்றுத்துளை வழியாகக் கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சின்ன நீலப் பொறி இயல்பு. ஆர்மேச்சரைச் சுற்றி நெருப்பு வளையம் போல மஞ்சளாகப் பொறி சுழன்றால் வேண்டாம். பட்டனை விட்டதும் ஒலியைக் கேளுங்கள். வழுவழுவென்று இறங்கி அடங்க வேண்டும், கரகரப்பு வந்தால் பேரிங்.

பழைய மெஷின் வாங்குபவர் இந்தச் சோதனைகளோடு மூக்கையும் பயன்படுத்தலாம். காற்றுத்துளையில் கருகிய நாற்றம் இருந்தால் விலை பேச வேண்டாம்.

ஆறாம் படி: பிளேடு

பெட்டியோடு வரும் பிளேடை நம்பி மெஷினை எடை போடாதீர்கள். மரத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த பிளேடே வாங்குங்கள். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, சாதாரண இரும்புப் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். ஏழேகால் அங்குலத்தில் 24 பல் கைமரத்துக்கும் நெடுக்கு அறுவைக்கும். 40 பல் எல்லாவற்றுக்கும். 60 பல் பிளைவுட்டுக்கு. ஒரே ஒன்று வாங்க முடிந்தால் 40. ஆனால் கூரை வேலைக்காரர் 24 பல் பிளேடு ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும். மெஷின் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிடும். 60 பல் பிளேடை வைத்துக் கைமரத்தை நெடுக்கே கிழிப்பது மோட்டாரைக் கொல்லும் குறுக்குவழி. தூள் வெளியேற இடமில்லாமல் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும்.

நடுத்துளை 20, 25.4, 30 மி.மீ என்று மாறும். மெஷினின் அச்சுக்கு அப்படியே பொருந்த வேண்டும், காகிதம் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

செங்கோட்டைப் பக்கத்து மில்லிலிருந்து வரும் புது மரத்தைவிட, இடித்த வீட்டிலிருந்து வரும் பழைய தேக்கு பிளேடுக்கு எமன். ஆணியின் தலை துருப்பிடித்து உதிர்ந்து, உடம்பு மட்டும் உள்ளே கிடக்கும். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் இழுத்துப் பாருங்கள். பழைய மரத்துக்கென்று ஒரு பழைய பிளேடைத் தனியாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பேட்டரி மெஷின் பற்றிச் சுருக்கமாக: 18 வோல்ட்டில் 165 மி.மீ பிளேடு வகை 55 மி.மீ அளவுக்கு நேர் ஆழம் தருகிறது. ஐந்து ஆம்பியர் மணி பேட்டரியில் 90 வாட் மணி இருக்கிறது. 700 வாட் இழுத்தால் எட்டு நிமிடம்கூட வராது. கூரைமேல் கைமர நுனியை வரிசையாக வெட்டிவிட அது போதும், ஒயர் காலில் சிக்காது. கீழே மரம் குவிந்து கிடக்கும்போது ஒயர் மெஷின்தான்.

ஏழாம் படி: முதல் வாரம்

ஆழத்தை, மரத்தின் அடியில் பல் மூன்று முதல் ஆறு மி.மீ வரை மட்டும் தெரியும்படி வையுங்கள். வெட்டி விழ வேண்டிய பக்கத்துக்கு அடியில் தாங்கு கட்டை வைக்காதீர்கள். இரண்டு முனையிலும் தாங்கு வைத்து நடுவில் அறுத்தால் மரம் தொய்ந்து பிளேடை நெரிக்கும், மெஷின் உங்களை நோக்கிப் பின்னால் உதைக்கும். நெடுக்கே அறுக்கும்போது வெட்டில் ஓர் ஆப்பைச் செருகிக்கொண்டே போங்கள். பிளைவுட்டில் நல்ல முகம் கீழே இருக்கட்டும். பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால் சிராய் மேல்முகத்தில்தான் கிளம்பும்.

கடினமான வெட்டு முடிந்ததும் மெஷினை உடனே நிறுத்தாமல் மரத்துக்கு வெளியே அரை நிமிடம் சும்மா ஓட விடுங்கள், விசிறி சூட்டை வெளியேற்றும். மாலையில் கீழ்மூடியின் ஸ்பிரிங்கைச் சுற்றியிருக்கும் தூளைப் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது, முகக்கவசம் போடுங்கள்.

மெஷின் வாங்கும் அன்றே அதே கம்பெனியின் கார்பன் பிரஷ் ஒரு ஜோடி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டி மூடியின் உட்பக்கம் டேப் ஒட்டி வையுங்கள். உறையின்மேல் மாடல் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதுங்கள். பிரஷ் தேய்ந்து ஏழெட்டு மி.மீ ஆனதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டியிருக்கும் நேரத்தில், ஓடு வேய்பவர்கள் கீழே காத்திருக்கும்போதுதான் அது தேயும்.